பால் வண்டியை மறைக்க முடியாது

பெங்களூரின் அல்சூர் சந்து ஒன்றில் ஒரு ரகசிய தர்ஷினி, அதாவது நின்றபடி சாப்பிடும் சின்ன ஓட்டல், இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர்ப்பலகை கிடையாது. ஷட்டர் எப்போதும் முக்கால்வாசி இறங்கியே இருக்கும். சமையலறைப் புகையைக் குழாய் போட்டுப் பின்சந்துக்குத் திருப்பிவிட்டார்கள். ஆனாலும் ஒரே வாரத்தில் தெருவுக்கே தெரிந்துவிடும். விடிகாலை நாலரைக்குப் பால் வண்டி வந்து கிரேட்டுகளை இறக்குகிறது. ஐந்து மணிக்கு சிலிண்டர். வாரத்துக்கு இருமுறை தண்ணீர் டேங்கர் ரிவர்ஸ் எடுக்க முடியாமல் திணறி, எதிர்வீட்டு மதிலை உரசிவிட்டுப் போகிறது.

ராணுவ அறிவியல் புனைவில் ரகசியத் தளம் அமைக்கிறவர்கள் பெரும்பாலும் புகைக்குழாயோடு நின்றுவிடுகிறார்கள். சிறுகோளைக் குடைந்து 200 வீரர்களை உட்கார வைத்துவிட்டு, எதிரி எப்படியோ கண்டுபிடித்து ஒரு நாள் திடீரென்று வந்து அடிக்கிறான் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ‘எப்படியோ’, ‘திடீரென்று’ என்ற இரண்டு சொற்களுக்குள்தான் கதையே இருக்கிறது. பீன்யாவிலும் எச்.ஏ.எல். பக்கமும் வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிற தமிழர்கள் நிறைந்த ஊர் இது. கணக்குப் போட்டுப் பார்க்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

முதலில் புகைக்குழாய். விண்வெளியில் அதற்குப் பெயர் கழிவுச் சூடு. 200 பேர், அவர்களுக்கான காற்று, தண்ணீர் சுத்திகரிப்பு, பட்டறை, ரேடார் எல்லாம் சேர்த்து 1 மெகாவாட் என்று வைப்போம், தாராளமான கணக்கில்லை. உள்ளே செலவாகும் மின்சாரம் கடைசியில் சூடாகத்தான் முடியும், அது வெளியே போயாக வேண்டும். காற்றில்லாத இடத்தில் கதிர்வீச்சு ஒன்றே வழி. 300 கெல்வினில், அதாவது நம் அறை வெப்பத்தில் இருக்கும் கரிய தகடு சதுர மீட்டருக்கு 459 வாட் வீசும். 1 மெகாவாட்டைத் தள்ள ஏறக்குறைய 2,180 சதுர மீட்டர் வேண்டும். பெங்களூர்க் கணக்கில் முப்பதடிக்கு நாற்பதடி வீட்டுமனை, அதாவது ‘சைட்’, இருபது.

தகட்டைச் சூடாக்கினால் பரப்பு குறையும் என்பது எல்லோருக்கும் தோன்றும் யோசனை. 600 கெல்வினில் அதே 1 மெகாவாட்டுக்கு 136 சதுர மீட்டர் போதும், ஒன்றேகால் சைட்தான். ஆனால் 300-இல் இருக்கும் சூட்டை 600-க்கு ஏற்றித் தள்ள ஒரு வெப்ப பம்பு வேண்டும். எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் அந்த பம்பு குறைந்தது இன்னொரு மெகாவாட் தின்னும். வெளியேற்ற வேண்டியது 2 மெகாவாட் ஆகிவிடும், பரப்பும் இரட்டிக்கும். இதைவிட மோசம், 600 கெல்வின் தகடு 4.8 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் உச்சமாக ஒளிரும். குளிர்ந்த சிறுகோள்கள் மங்கிக் கிடக்கிற அலைவரிசை அது. இருட்டுத் தெருவில் டியூப்லைட் போட்ட மாதிரி.

அப்படியானால் தளத்தை மறைக்கவே முடியாதா? முடியும். விண்கப்பலை மறைக்க முடியாது என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களைத் தளத்துக்கும் பொருத்திவிடுவதுதான், விண்வெளியில் எதையாவது ஒளிக்க முடியுமா என்ற விவாதங்களில் அடிக்கடி நேரும் தவறு. கப்பலுக்கு இல்லாத ஒன்று சிறுகோளில் இருக்கிறது: பாறை. 1 கிலோமீட்டர் விட்டமுள்ள சிறுகோளில் சுமார் 52 கோடி கனமீட்டர் கல். கனமீட்டருக்கு 2 டன் எடை, கிலோவுக்கு 800 ஜூல் வெப்பக் கொள்ளளவு என்று வைத்தால், 1 மெகாவாட்டை வருடம் முழுக்க உள்ளேயே கொட்டினாலும் மொத்தக் கல்லும் 1 டிகிரி ஏற 27 வருடம் ஆகும். கல்லில் சூடு பரவும் வேகமும் நமக்குச் சாதகம். 100 மீட்டர் ஆழத்தில் கொட்டிய சூடு மேற்பரப்பை எட்ட முந்நூறு வருடம் ஆகும்.

சிக்கலும் அதே மந்தத்தில்தான் இருக்கிறது. சூடு தானாகப் பரவாது என்பதால் நாம்தான் குழாய் போட்டுப் பரப்ப வேண்டும். பூமியில் நிலவெப்பத் துளைகளில் மீட்டருக்குச் சுமார் 50 வாட் கொடுக்கலாம் என்பது நடைமுறை அளவு. அதன்படி 1 மெகாவாட்டுக்கு 20 கிலோமீட்டர் துளை, அதாவது 200 மீட்டர் ஆழத்தில் 100 துளைகள். பூமியில் போடுவதுபோல 6 மீட்டர் இடைவெளியில் போட்டால் அந்தப் பாறைத் தொகுதி வருடத்துக்கு 27 டிகிரி சூடேறும். மூன்றாம் வருடம் தளத்தில் ஏ.சி. செத்துவிடும். 20 மீட்டர் இடைவெளி விட்டால் வருடத்துக்கு இரண்டரை டிகிரி. பத்து வருடம் தாக்குப்பிடிக்கும். கதையில் தளபதி அவசரப்பட்டுத் துளைகளை நெருக்கிப் போடச் சொன்னார் என்பதே ஒரு நல்ல முன்கதை.

பாறையைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். 900 மீட்டர் அளவுள்ள ரியூகு, 490 மீட்டர் அளவுள்ள பென்னு என்ற நிஜச் சிறுகோள்கள் இரண்டுமே முழுக் கல் அல்ல. ஈர்ப்பு லேசாகப் பிடித்து வைத்திருக்கும் கற்குவியல்கள். அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அப்படிப்பட்ட குவியலில் துளை போட்டால் சுவர் நிற்காது. கற்களுக்கு நடுவே வெற்றிடம் இருப்பதால் குழாயிலிருந்து சூடும் இறங்காது. துளைச் சுவருக்கும் குழாய்க்கும் நடுவே சாந்து பிடித்து நிரப்ப வேண்டும், அந்தச் சாந்தைக் கொண்டு வந்தாக வேண்டும். பால் வண்டியின் முதல் நடை இது.

துளை தோண்டி முடிகிறவரை, அல்லது முடிந்தும் போதாமல் போனால், கொஞ்சம் சூட்டை வெளியே விட்டுத்தான் ஆக வேண்டும். எந்தப் பக்கமாக விடுவது? நம் சிறுகோள் சூரியனிலிருந்து, பூமியின் தூரத்தைப் போல 2.7 மடங்கு தள்ளி இருக்கட்டும். அதன் கரிய மேற்பரப்பு சூரியனிடமிருந்து 140 மெகாவாட்டுக்கு மேல் வாங்கிக்கொள்கிறது. அதில் நம்முடைய 1 மெகாவாட் ஒரு சதவீதம்கூட இல்லை. நடுப்பகல் இடம் 240 கெல்வின் வரை சூடேறும். 300 கெல்வின் தகட்டைப் பகல் பக்கத்தில் விரித்து வைத்தால் அது அந்த வெளிச்சத்திலேயே கரைந்துவிடும். இரவுப் பக்கத்தில் விரித்தால் பளிச்சென்று தெரியும்.

உள் சூரியமண்டலத்திலிருந்து பார்க்கிறவனுக்கு இந்தத் தொலைவிலுள்ள சிறுகோள் எப்போதும் பகல் பக்கத்தையே காட்டும். பூமியில் இருந்து பார்த்தால் அதன் கலை கோணம், அதாவது சிறுகோளிலிருந்து சூரியனும் பூமியும் விலகித் தெரியும் கோணம், 22 டிகிரியைத் தாண்டாது. ஆகவே தளத்து இன்ஜினியர் இரண்டில் ஒன்று செய்யலாம். பகல் பக்கத் தகட்டில் விட்டு வெளிச்சத்தில் ஒளிப்பது ஒன்று. பூமிக்கு முதுகு காட்டும் இரவுப் பக்கத்தில் விட்டு மறைப்பது மற்றொன்று. சிறுகோள் சுற்றிக்கொண்டே இருப்பதால், சுற்றளவு முழுக்கத் தகடுகள் பதித்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை வால்வுகளைத் திறந்து மூட வேண்டும். ஒரு வால்வு பாதியில் சிக்கிக்கொண்டால் தவறான நேரத்தில் தவறான திசையில் 47 மீட்டர் சதுரம் ஒன்று கணகணவென்று இருக்கும். எதிரி உளவுக்கலத்தைச் சிறுகோள் பட்டைக்கு அப்பால் அனுப்பி, சூரியனைப் பார்த்தபடி திரும்பி நின்று தேடினான் என்றால் அவன் விஷயம் தெரிந்தவன். பகலில் ஒளிப்பவனை அவனால் பிடிக்க முடியாது, இரவில் ஒளிப்பவனைப் பிடித்துவிடுவான். தாக்குதல் கதையின் முதல் அத்தியாயம் இந்தப் பார்வைக் கோணமாக இருக்கலாம்.

சூட்டை ஒருவாறு சமாளித்தாயிற்று. இனி பால் வண்டி.

ஒருவருக்கு நாளொன்றுக்கு உலர்ந்த கணக்கில் 600 கிராமுக்கு மேல் உணவு, 840 கிராம் ஆக்ஸிஜன். 200 பேருக்கு உணவு மட்டும் வருடத்துக்கு 45 டன். தண்ணீரை மறுபடி மறுபடி சுத்திகரிக்கலாம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2023-இல் 98 சதவீதம் வரை மீட்டெடுத்துவிட்டார்கள். மீதி 2 சதவீதமும், பம்பு சீல்களும், வடிகட்டிகளும், மருந்தும், ஆள் மாற்றமும் மறுசுழற்சிக்கு அடங்காதவை. வருடத்துக்கு இரண்டு முறையாவது ஒரு சரக்குக் கப்பல் அங்கே வேகம் குறைத்து நின்றாக வேண்டும். வேகம் குறைப்பதென்றால் இன்ஜின் எரிய வேண்டும், எரிந்தால் தெரியும்.

கடல் வரலாறு இதை ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. 1914-இல் ஜெர்மன் போர்க்கப்பல் கோனிக்ஸ்பெர்க், கிழக்கு ஆப்பிரிக்காவின் ருஃபிஜி கழிமுகத்துக்குள் நுழைந்து சதுப்புக் காட்டில் மறைந்துகொண்டது. கடலிலிருந்து பார்த்தால் தெரியாது. பிரிட்டிஷாருக்குத் துப்பு கிடைத்தது ப்ரெசிடென்ட் என்ற வேறொரு ஜெர்மன் கப்பலில் கைப்பற்றிய தாள்களில். ருஃபிஜிக்கு நிலக்கரி அனுப்பிய விவரம் அதில் இருந்தது. 1915 ஜூலையில், விமானத்திலிருந்து குண்டு விழும் இடம் பார்த்துச் சொல்லச் சொல்ல, ஆழம் குறைந்த நீரில் போகக்கூடிய இரண்டு பீரங்கிக் கப்பல்கள் அதை முடித்தன.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் மாலத்தீவின் தென்கோடியில் உள்ள அட்டு பவளத்தீவு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷார் அங்கே ‘போர்ட் டி’ என்ற பெயரில் ரகசியத் தளம் வைத்திருந்தார்கள். 1942 ஏப்ரல் 5-இல் கொழும்பையும் 9-இல் திருகோணமலையையும் ஜப்பானிய விமானங்கள் தாக்கின. சென்னையே பாதி காலியான நாட்கள் அவை. பிரிட்டிஷ் கீழைக் கடற்படையைத் தேடி வந்த ஜப்பானியருக்கு அது அட்டுவைத் தளமாக வைத்திருக்கிறது என்று தெரியவில்லை. தளம் தப்பித்தது. பிறகு 1944 மார்ச்சில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி வெளியே நின்றபடி, தடுப்பு வலையில் இருந்த இடைவெளி வழியாக ஒரு டார்பிடோவை உள்ளே விட்டது. அடிபட்டது போர்க்கப்பல் அல்ல, உள்ளே நின்றிருந்த எண்ணெய்க் கப்பல். மறுபடியும் பால் வண்டிதான்.

இடம் தெரிந்துவிட்டது. இப்போது ‘திடீரென்று’ தாக்க வேண்டும்.

1,000 டன் கப்பல், விநாடிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வாயுவைப் பின்னால் உமிழ்ந்து, புவியீர்ப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு முடுக்கத்தில் போனால்கூட, அந்தத் தாரையில் 250 மெகாவாட் இருக்கும். 5 கி.மீ./விநாடி வேகம் சேர்க்க ஏறக்குறைய ஆறு நாள் எரிய வேண்டும். ஆறு நாள் 250 மெகாவாட் எரிவதைக் கண்காணிப்பவன் கவனிக்காமல் இருக்க மாட்டான். ஆக, எரிப்பதைத் தளத்திலிருந்து பார்க்கையில் சூரியனுக்குப் பின்னால் இருக்கும்போது முடிக்க வேண்டும், அல்லது வழக்கமான போக்குவரத்து நெரிசலுக்குள் முடிக்க வேண்டும். அதன் பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு மிதக்க வேண்டியதுதான். 15 கோடி கிலோமீட்டர் தூரத்தை 5 கி.மீ. வேகத்தில் கடக்க 347 நாள். மீன் வருகிறவரை ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கின் வேலை.

இந்த 347 நாளில் என்னென்ன கெடும் என்பதற்குப் பெங்களூரில் ஆதாரம் இருக்கிறது. மங்கள்யான் 2013 டிசம்பர் 1-இல் பூமியை விட்டது. அதன் பெரிய இன்ஜின் ஏறக்குறைய 300 நாள் தூங்கியது. அதை மறுபடி எழுப்பினால் வால்வு திறக்குமா, எரிபொருள் அரித்துவிட்டிருக்குமா என்ற கவலையில், எரிபொருள் போக மாற்றுவழிக் குழாய் ஒன்றையும் முன்கூட்டியே வைத்திருந்தார்கள். 2014 செப்டம்பர் 22-இல் 4 விநாடி மட்டும் எரித்துப் பார்த்தார்கள். 24-ஆம் தேதி 24 நிமிடம் எரித்து செவ்வாயின் பிடியில் நிறுத்தினார்கள். பீன்யாவின் கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி வந்து சேரவே 12 நிமிடத்துக்கு மேல். பெங்களூருக்கு வெளியே பியாலாலுவில் 32 மீட்டர் ஆன்டெனா காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

தாக்கப் போகிறவனுக்கு அந்த 4 விநாடி வசதி கிடையாது. சோதித்துப் பார்த்தால் வெளிச்சம் தெரிந்துவிடும். சோதிக்காமல் கடைசி நிமிடத்தில் நம்பி இறங்கினால், பத்துக் கலங்களில் எத்தனை விழித்துக்கொள்ளும்? ரேடியோவையும் திறக்க முடியாது. மங்கள்யானுக்குப் பியாலாலு வழி சொன்னது. இவனுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். புறப்படும்போது வேகத்தில் விநாடிக்கு 1 மில்லிமீட்டர் பிழை இருந்தால் 347 நாளில் 30 கிலோமீட்டர் விலகிவிடும். சூரிய ஒளியின் அழுத்தம் மட்டுமே, 500 சதுர மீட்டர் முகம் காட்டும் 1,000 டன் கப்பலை, சிறுகோள் பட்டைத் தூரத்தில்கூட 100 கிலோமீட்டருக்கு மேல் நகர்த்திவிடும். கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்தான். ஆனால் பக்கவாட்டுப் பெயின்ட் உரிந்தால், கப்பல் லேசாகச் சாய்ந்தால், கழிவறைத் தொட்டியின் வால்வு கசிந்தால் கணக்கு மாறும். நட்சத்திரங்களையும் தெரிந்த சிறுகோள்களையும் படம் பிடித்து இடம் கண்டு, குளிர்ந்த வாயுவைப் பீய்ச்சித் திருத்திக்கொண்டே போக வேண்டும். சண்டைக் காட்சிகளைவிட இந்த மாலுமியின் ஷிப்டில் பதற்றம் அதிகம்.

கப்பலின் சூடு? ஆட்களோடு 50 கிலோவாட் என்றால் 300 கெல்வினில் 109 சதுர மீட்டர் தகடு, கிட்டத்தட்ட ஒரு சைட். இதைத் தளத்துக்கு எதிர்ப்பக்கமாக வீசிவிட்டு, முன்னால் அடுக்குத் திரை கட்டிக்கொள்ளலாம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் ஐந்தடுக்குத் திரைக்கு ஒரு பக்கம் வெந்நீர்ச் சூடு, மறுபக்கம் மைனஸ் 230 டிகிரி. ஒரே திசைக்கு மட்டும் ஒளிந்துகொள்வது சாத்தியமான காரியம். தளத்துக்காரன் பக்கவாட்டில் சில லட்சம் கிலோமீட்டர் தள்ளி இரண்டு காவல் கண்களை மிதக்கவிட்டிருந்தால் அந்தத் திரை பயன்படாது.

அடி எப்படி இருக்கும் என்பதை வேகமாகச் சொல்லிவிடலாம். 2022 செப்டம்பரில் நாசாவின் டார்ட் கலம் விநாடிக்கு 6 கி.மீ. வேகத்தில் டைமார்ஃபோஸ் என்ற சின்னச் சிறுகோளில் வேண்டுமென்றே மோதியது. 600 கிலோவுக்குக் கொஞ்சம் குறைந்த அந்த எடைக்கு இரண்டரை டன் டி.என்.டி.யின் சக்தி. சுமார் 160 மீட்டர் கற்குவியல் நகர்ந்தது, சிதறவில்லை. 100 மீட்டர் கல்லுக்கடியில் இருப்பவர்களுக்கு அது ஒரு குலுக்கல்தான். ஆகவே குறி வைக்க வேண்டியது கப்பல் நிற்கும் வாசலையும் சூட்டுத் தகடுகளையும். ஒரு பிக்சலுக்கு 2.5 மைக்ரோரேடியன் காட்டும் கேமராவுக்கு, வாசல் மீட்டர் கணக்கில் பிரிந்து தெரிவது 400 கிலோமீட்டர் தூரத்தில். 6 கி.மீ. வேகத்தில் அது 67 விநாடி. அதற்குள் 500 மீட்டர் பக்கவாட்டில் நகர வேண்டுமானால் விநாடிக்கு 15 மீட்டர் வேக மாற்றம் வேண்டும். செய்யக்கூடியதுதான், அதுவும் ஒரே ஒரு முறை. தவறினால் கலம் மறுபக்கம் போய்க்கொண்டே இருக்கும்.

தகடுகள் போய்விட்டால் தளத்துக்காரர்கள் உள்ளே வெந்துகொண்டு பேச்சுவார்த்தைக்கு வருவார்கள். அது முற்றுகை, புறத்திணைக் கணக்கில் உழிஞை. தளத்தையே பிடிக்க வேண்டும் என்றால் ஆட்களை இறக்க வேண்டும், ஆட்களை இறக்க வேகத்தைக் குறைக்க வேண்டும், குறைக்கும்போது இன்ஜினின் வாய் நேராகத் தளத்தைப் பார்த்து எரியும். ஆறு நாள் டார்ச் அடித்துக்கொண்டு வருகிறவனைத் திடீர்த் தாக்குதல்காரன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சத்தமில்லாமல் புகுந்து ஆநிரை கவர்கிற வெட்சிக்காரனுக்கு ஒரே வழிதான் மிச்சம். எரிந்துகொண்டு வந்தாலும் யாரும் சந்தேகப்படாத கப்பலில் அவன் வர வேண்டும்.

‘அவன் பெரிய எம்டன்டா’ என்று நாம் சொல்வது எந்தக் கப்பலின் பெயரால் என்று தெரிந்திருக்கும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போன எம்டன், அடுத்த மாதம் 28-ஆம் தேதி பினாங்கில் வேறொரு வேலை காட்டியது. மூன்று புகைபோக்கி கொண்ட கப்பல் அது. நான்காவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றை நிறுத்திக்கொண்டு, பிரிட்டிஷ் கப்பல் போல விடிகாலையில் துறைமுகத்துக்குள் நுழைந்து, ஷெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. எம்டனை யாரும் பார்க்காமல் இல்லை. பார்த்தார்கள், பழக்கப்பட்ட ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். 1941 டிசம்பர் 7 காலை 7:02 மணிக்கு ஹவாயின் ஓபானா ரேடார் ஜப்பானிய விமானங்களைத் தெளிவாகக் காட்டியது. அன்று காலை அமெரிக்காவிலிருந்து பி-17 விமானங்கள் வர வேண்டியிருந்தது, அவையாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

எனவே நம் கதையின் தாக்குதல், தளத்துக்கு வர வேண்டிய அந்த ஆறு மாதச் சரக்குக் கப்பலில் வரட்டும். வழியில் பிடித்துவிட்டார்கள், 6 மாலுமிகளோடு இப்போது 60 வீரர்கள். தளத்தின் ஷிப்ட் அதிகாரி விவரமானவர். தாரையின் வலிமையையும் வேகம் குறையும் விதத்தையும் வைத்துக் கப்பலின் எடையைப் போடுகிறார். பட்டியலோடு பொருந்துகிறது, ஏனென்றால் வீரர்களின் எடைக்கு ஈடாக அரிசியைக் கழித்துவிட்டார்கள். அடுத்து தகட்டின் சூட்டைப் பார்க்கிறார். வழக்கமாக 20 கிலோவாட், 300 கெல்வின். 60 பேரின் உடல் சூடு மட்டும் 6 கிலோவாட் கூடினால் தகடு 320-க்குப் போகும். 20 டிகிரி ஏற்றத்தைக் கண்டுபிடிக்கக் கைக்கு அடக்கமான வெப்பக் கேமராவே போதும்.

வந்தவனும் விவரமானவனாக இருந்தால் அந்த 6 கிலோவாட்டைத் தகட்டுக்கே அனுப்ப மாட்டான். கப்பலின் சரக்கில் 40 டன் ஐஸ் இருக்கிறது, தளத்துக்கான தண்ணீர். கடைசி மூன்று நாள் நெருக்கத்தில் 60 பேரின் சூட்டை விழுங்க 5 டன்னுக்குக் கொஞ்சம் குறைவான ஐஸ் உருகினால் போதும். தகடு 300-லேயே நிற்கும். அதிகாரி சரி பார்த்து, பச்சை விளக்கு போடுகிறார். கப்பல் வந்து கொக்கிகளில் பொருந்துகிறது.

வாசலில் கொக்கி போடும் தொழிலாளிக்கு மட்டும் ஒன்று உறுத்துகிறது. கட்டி ஐஸ் ஏற்றிய கப்பல் கொக்கியில் மாட்டியதும் ஒரே ஆட்டத்தில் நின்றுவிடும். இது நின்ற பிறகும் மெதுவாக ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் ஆடுகிறது, உள்ளே எங்கோ தண்ணீர் தளும்புகிற மாதிரி.